எந்தக் கேமரா வாங்கலாம் சார்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. "சார், பிள்ளையை வீடியோ எடுத்து வைக்கணும். போன் போதுமா, தனியா கேம்கார்டர் வாங்கணுமா? நம்ம ஊருக்கே முதல்ல கேமரா கொண்டு வந்தது நீங்கதானே" என்றார். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய பதில். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? நாற்பது நிமிடம் பேசினேன். அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டதால் தப்பித்தார். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைப் படம் பிடித்து வைக்கும் ஆசை நம்ம கரிசல் பூமிக்குக் கேமராவோடு வந்தது இல்லை. கோவில்பட்டிக்காரர்களுக்கு சி.கொண்டையராஜுவைத் தெரியாமல் இருக்காது. நாடகக் கம்பெனிக்குச் சீன் படுதா எழுதும் ஓவியராக இங்கே வந்து, கம்பெனி கலைந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய முருகனும் மீனாட்சியும் பெரும்பாலும் அவர் கையிலோ, டி.எஸ்.சுப்பையா, ராமலிங்கம் போன்ற அவருடைய சீடர்கள் கையிலோ பிறந்து, சிவகாசியில் அச்சாகி வந்தவர்கள்தான். 1976ல் அவர் காலமானார். அவரும் சீடர்களும் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் போட்டோவும் எடுத்தார்கள். சாமி படம் எழுதிய கைகளே மனிதர்களையும் படம் பிடித்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் அப்பா அம்மா கல்யாணமான புதிதில் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. 1956. எந்த ஸ்டூடியோ என்று அம்மாவுக்கு ஞாபகமில்லை. பின்னால் ஒரு படுதா. அதில் அரண்மனைப் படிக்கட்டு, பளிங்குத் தூண், தூரத்தில் ஒரு ஏரி. முன்னால் செருப்பில்லாத காலோடு அப்பா. அந்தக் காலில் கரிசல் மண் ஒட்டியிருப்பது படத்தில் தெரிகிறது. கண்மாயில் தண்ணீர் நின்றாலே அதிசயம் என்கிற ஊரில் பின்னால் ஏரி! சின்னப் பிள்ளையில் நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். அம்மா திட்டுவாள்.

ஓடும் படம் வேறு கதை. பணக்காரர்கள் வீட்டில் வைத்துப் படம் எடுக்க என்றே கோடாக் கம்பெனி 1923ல் 16 மி.மீ. கேமராவை விற்றது. அது கட்டுபடியாகவில்லை என்று 1932ல் 8 மி.மீ. வந்தது. 1965ல் சூப்பர்-8. கேட்ரிட்ஜைச் சொருகினால் போதும், ரீல் சுற்றுகிற வேலை இல்லை. ஆனால் ஒரு கேட்ரிட்ஜில் 50 அடி பிலிம். ஓடுகிற நேரம் 3 நிமிடம் 20 விநாடி. நம்ம கல்யாணத்தில் அதற்குள் மாப்பிள்ளை மணவறைக்கே வந்து சேரமாட்டார். எடுத்த பிலிமைக் கழுவிப் பார்க்க வெளியூர் அனுப்ப வேண்டும். திரையில் போட தனியாக ஒரு புரொஜெக்டர். என் பள்ளிப் பருவத்தில் அப்படி ஒரு கேமராவை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு செட்டிநாட்டுக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. 'குமரி மலர்' ஏ.கே.செட்டியார். காந்தி எங்கெங்கே போனாரோ அங்கெல்லாம் யாராவது பிலிம் எடுத்திருப்பார்கள், அதைத் தேடிச் சேர்த்து ஒரு படம் ஆக்கலாம் என்று 1937ல் அவருக்குத் தோன்றியது, அதுவும் கப்பலில் போகும்போது. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 50,000 அடிக்குப் பிலிம் சேர்த்தார். 1940ல் தமிழில் படம் வெளியானது. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படம் பிற்காலத்தில் முழுசாகக் கிடைக்காமல் போய், தேடுகிறவர்கள் துண்டு துண்டாகத் தேட வேண்டி வந்தது. உலகமே கொண்டாடிய ஒரு மனிதரின் படத்துக்கே இந்தக் கதி. நம்ம வீட்டுக் காதுகுத்து எம்மாத்திரம்?

நம் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1921ல் மறைந்தார். அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்க நமக்கு வழியில்லை. இடைசெவலில் பிறந்த கி.ரா. 2021 வரை இருந்தார். அவர் பேசிய பேச்சு, சிரித்த சிரிப்பு, கையை ஆட்டிக் கதை சொன்ன விதம் எல்லாம் வீடியோவில் இருக்கிறது. நடுவில் ஒரு நூறு வருடம்.

அந்த நூறு வருடத்தில் நம் வீதிக்கு வீடியோ வந்தது 1980களில். சென்னையில் 1975 முதலே டி.வி. உண்டு. நமக்கு எட்டாது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி சமயத்தில் கலர் வந்தது, அதுவும் எட்டாது. நமக்கு எட்டியது இலங்கை ரூபவாஹினிதான். மொட்டை மாடியில் பனைமர உயரத்துக்குக் கம்பி நட்டு, காற்று அடித்தால் ஒருவன் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவன் கீழே நின்று "தெரியுது, தெரியுது, ஏலே போயிருச்சு" என்று கத்த, அப்படிக் கிரிக்கெட் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கொடைக்கானல் நிலையம் வந்த பிறகுதான் அந்தக் கம்பிகள் இறங்கின.

டி.வி.யைவிட 'டெக்'தான் பெரிய விஷயம். கலர் டி.வி., டெக், மூன்று பட கேசட், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. தெருவே காசு போட்டு எடுக்கும். விடியும் வரை மூன்று படம். மறுநாள் என் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். அடித்திருக்கிறேன். நானும் ராத்திரி அங்கேதான் உட்கார்ந்திருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கல்யாண வீடியோவும் அந்த வழியாகவே வந்தது. தோளில் ஒரு கேமரா, அதிலிருந்து வயர் போய் இடுப்பில் தொங்கும் ரெக்கார்டர் பெட்டி, பின்னால் லைட் பிடிக்க ஒரு பையன். அந்த லைட்டின் சூட்டில் பொண்ணுக்கு முகமெல்லாம் வேர்த்து வழியும். சித்திரை மாதம் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். கேசட் வந்து போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளையும் பொண்ணும் தாமரைப் பூவுக்குள் சுற்றுவார்கள், இளையராஜா பாட்டு ஓடும். பேசியது ஒன்றும் கேட்காது. என் சித்தப்பா பொண்ணு தாத்தாவிடம் ஆசி வாங்கும்போது அவர் அழுதுகொண்டே என்னமோ சொல்கிறார், ஒரு நிமிடம் சொல்கிறார். அதன் மேல் சினிமாப் பாட்டு. என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகி ஒரே பெட்டியானதைத்தான் கேம்கார்டர் என்கிறார்கள். 1983ல் சோனி பீட்டாமூவி என்று ஒன்றைக் கொண்டு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் எடுக்கலாம், எடுத்ததைப் போட்டுப் பார்க்க முடியாது. 1982லேயே ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். நாடாவையே சின்ன டப்பாவில் அடைத்து வி.எச்.எஸ்.-சி என்று விட்டிருந்தது. அதை ஒரு கூட்டுக்குள் வைத்தால் சாதாரண டெக்கில் ஓடும். 1985ல் வீடியோ-8, நாடாவின் அகலமே 8 மி.மீ.தான். 1989ல் சோனி விட்ட ஒரு மாடல் 790 கிராம். உள்ளங்கையில் அடங்கும். 'ஹேண்டிகேம்' என்று நாம் எல்லாக் கேமராவையும் சொல்ல ஆரம்பித்தது இந்த வகையறாவைப் பார்த்துத்தான். 1995ல் மினி டி.வி. என்று டிஜிட்டல் வந்தது.

நான் வாங்கியது 1999 மே மாதம். சின்ன மச்சினன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போது வாங்கி வரச் சொன்னேன். அதற்கு முன் ஆறு மாதம் யோசனை. ஒரு இடைநிலை ஆசிரியர் சம்பளத்தில் அது சின்னக் காரியம் இல்லை. பி.எஃப். லோன் போட்டேன். "இதுக்கு ஒரு பசு வாங்கலாம்" என்றாள் அம்மா. கணக்குப் பார்த்தால் இரண்டு பசுவே வாங்கியிருக்கலாம். அவளிடம் சொல்லவில்லை.

முதலில் ஒரு பாடம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. எங்களோடு வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியரின் மகன் அமெரிக்காவிலிருந்து நல்ல கேமரா கொண்டு வந்தான். குடும்பத்தை எல்லாம் எடுத்து, கேசட்டை இங்கே உள்ள டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருண்டது. காரணம் எளிது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி. முறை: 525 கோடு, விநாடிக்கு 30 படம். நமக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் 'பால்' முறை: 625 கோடு, விநாடிக்கு 25 படம். குடிக்கிற பால் இல்லை, வகுப்பில் சிரித்த மாதிரி இங்கேயும் சிரிக்காதீர்கள். மச்சினனுக்குக் கடிதத்தில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதினேன்: 'பால்' மட்டும்.

அடுத்தது எந்த கேசட் என்பது. வி.எச்.எஸ்.-சி வாங்கினால் யார் வீட்டு டெக்கிலும் போடலாம், ஆனால் ஒரு கேசட் அரை மணி, முக்கால் மணிதான். வீடியோ-8 வாங்கினால் 90 நிமிடம், படமும் நன்றாக இருக்கும். ஆனால் வேறு எந்த டெக்கிலும் ஓடாது, கேமராவையே வயர் மாட்டி டி.வி.யில் சொருகித்தான் பார்க்க வேண்டும். அந்த வருடம்தான் டிஜிட்டல்-8 என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. மச்சினன் போனில் சொன்னார், "மாமா, இதுதான் இனிமே. கொஞ்சம் கூடப் போட்டா வாங்கிரலாம்." கொஞ்சம் என்றது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேண்டாம் என்றேன். 90 நிமிடக் கணக்கில் மயங்கி வீடியோ-8 வாங்கினேன். இந்த மூன்று வரியில் இருப்பதுதான் அடுத்த இருபது வருடத் தலைவலி.

வாத்தியார் புத்தி, வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டு போட்டேன். கேசட் எண், எத்தனையாவது நிமிடம், என்ன நிகழ்ச்சி. அந்த நோட்டை இப்போது புரட்டினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தங்கச்சி மகன் காதுகுத்து 22 நிமிடம். பெரிய மச்சினன் கிரகப்பிரவேசம் 30 நிமிடம். மகளின் சடங்கு 40 நிமிடம். செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் தேர் 15 நிமிடம். எல்லாம் விசேஷம். விசேஷத்தில் எல்லாரும் ஒரே மாதிரி சேலை கட்டி, ஒரே மாதிரி சிரித்து, கேமரா வந்தால் கையை எடுத்துக் கும்பிடுவார்கள். நமக்கு யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, படுதாக் காலத்துப் பழக்கமாக இருக்கும். கோவில்பட்டிக் கடையில் வீடியோ-8 கேசட் கிடைக்காது, மதுரைக்குப் போகணும். அதனால் நாடாவை ரேஷன் அரிசி மாதிரி அளந்து செலவழித்தேன்.

விதிவிலக்காக ஒரே ஒரு நாள். 1999 ஐப்பசி. முதல் மழை பெய்து நிலம் பக்குவமாக இருந்தது. அப்பா பருத்தியும் உளுந்தும் விதைக்கப் போனார். அப்போதே ஊரில் பாதிப் பேர் டிராக்டருக்கு மாறிவிட்டார்கள், அப்பா மாறவில்லை. நான் கேமராவோடு பின்னால் போனேன். கரிசலில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்குத் தெரியும், காலில் மண் ஏறி ஏறி ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும். 17 நிமிடம் எடுத்தேன். மாடுகளை அதட்டும் சத்தம், ஏர் திரும்பும்போது அவர் விடுகிற ஒரு மாதிரியான ஒலி, அதை எழுத்தில் எழுத முடியாது. நடுவில் திரும்பி, "ஏலே, இதப் போயி எதுக்கு எடுக்க?" என்றார்.

2001ல் அப்பா போய்விட்டார்.

2002 ஜனவரியில் பள்ளி ஆண்டு விழா. காலி கேசட் இல்லை. நோட்டைப் பார்த்தேன், மூன்றாம் கேசட்டில் பழைய சோதனைப் பதிவு, அழிக்கலாம் என்று இருந்தது. உறையும் கேசட்டும் மாறியிருந்தது எனக்குத் தெரியாது. அழியாமல் காக்க கேசட்டின் முதுகில் ஒரு சின்ன விசை உண்டு, நகர்த்தி வைத்தால் மேலே பதியாது. வி.எச்.எஸ்.சில் அந்தத் தகட்டை உடைத்தே விடுவார்கள். அப்பா கேசட்டில் அதை நகர்த்த நான் மறந்திருந்தேன். ஒரு மாதம் கழித்து அம்மா, "அப்பா உழுதத போடுப்பா" என்று கேட்டபோது போட்டால், கரகாட்டம் ஓடுகிறது. பச்சைக் கலர் காகிதப் பூ ஒட்டிய கரகத்தோடு எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அது முடிந்து, நன்றியுரை முடிந்து, ஒரு கோடு ஓடி, அப்பாவின் முதுகு. ஏர் வரப்போரம் திரும்புகிறது. 40 விநாடி. அவர் திரும்பிப் பேசியது அழிந்துபோனதில் இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்தக் கரகாட்டத்தில் ஆடியவர்களில் போன வாரம் போன் செய்த தம்பியும் ஒருவன். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. தம்பி, இதைப் படித்து நீ வருத்தப்படாதே. அந்த ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது.

2006ல் கேமரா படுத்துவிட்டது. நம்ம ஊர்த் தூசி தெரியுமே, கோடையில் காற்று அடித்தால் சோற்றுக்குள்ளேயே கரிசல் இருக்கும். நாடாவைத் தொட்டுச் சுற்றும் ஹெட் தேய்ந்துவிட்டது என்றார்கள், பாகம் கிடைக்காது என்றார்கள். ஒன்பது கேசட்டும் ஊமையாயின. அதற்கு முன்னால் ஒரு கடையில் நான்கு கேசட்டை வி.சி.டி. ஆக்கி வைத்திருந்தேன். வி.சி.டி.யில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிதான், முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. சில வருடத்தில் தட்டின் பூச்சு உரிந்து அதுவும் போயிற்று. டெக்குகள் உலகத்திலேயே மறைந்துகொண்டிருந்தன. 2016ல் சோனி பீட்டாமேக்ஸ் கேசட் செய்வதை நிறுத்தியது. அதே வருடம் ஜூலையில் ஜப்பானின் புனாய் கம்பெனி வி.சி.ஆர். செய்வதை நிறுத்தியது. அதுதான் கடைசிக் கம்பெனி. நான் ஓய்வு பெற்றதும் அந்த வருடம்தான்.

கேசட்டுகளை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தேன். வேப்பிலையால் ஒரு பயனும் இருந்திருக்காது. ஆனால் நம்ம வறண்ட காற்று உதவியிருக்கிறது. ஈரம் கூடிய ஊர்களில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். நாகர்கோவிலில் என் தோழர் ஒருவரின் கேசட் எல்லாம் அப்படித்தான் போயின. மழையில்லாத பூமி என்று எத்தனை தடவை அலுத்திருக்கிறோம்!

கொரோனா சமயத்தில் பெங்களூரில் இருக்கும் இன்னொரு மாணவர் வழி கண்டுபிடித்தார். பழைய டிஜிட்டல்-8 கேமராக்களில் பல மாடல், வீடியோ-8 கேசட்டையும் ஓட்டுமாம். ஓடும்போதே அதை டிஜிட்டலாக மாற்றி ஒரு வயர் வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். 1999ல் விலை அதிகம் என்று நான் வேண்டாம் என்ற அதே சாமான்! எங்கோ பழசாக ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்த வயர் மாட்ட வசதியுள்ள பழைய லேப்டாப்பும் தேடி எடுத்தார். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம், அவசரப்பட முடியாது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. இடம் பிடிக்கும். முதலில் ஐந்து கேசட் அனுப்பினேன்.

அதில் நோட்டில் எழுதாத ஒன்று வந்தது. 2000ல் ஒரு மத்தியானம், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கக் கேமராவைத் திண்ணை ஜன்னலில் வைத்து ஓட விட்டுவிட்டு மறந்திருக்கிறேன். 11 நிமிடம். படம் கோணலாக இருக்கிறது. அம்மாவும் பக்கத்து வீட்டு இரண்டு பேரும் தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை ஒரு ஈயச் சட்டியில். அடிப்பெட்டி ஒரு பக்கம் குவிகிறது, மேல்பெட்டி ஒரு பக்கம். கையைப் பார்க்காமலே மடித்து ஒட்டி எறிகிறார்கள். ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. கணக்கு வாயில் ஓடுகிறது, அதற்கு நடுவில் வத்தல் விலை, யாரோ ஒருத்தி மகளுக்கு வந்த மாப்பிள்ளை, அவன் குடிப்பானா மாட்டானா என்ற விசாரணை. ஒரு ஆடு வருகிறது, அம்மா விரட்டுகிறாள். என்னைப் பற்றியும் ஒரு பேச்சு வருகிறது. "பசு வாங்கச் சொன்னேன், கேமரா வாங்கிருக்கான்" என்கிறாள். மற்ற இருவரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான திண்ணைகளில் வருடக்கணக்கில் நடந்த வேலை இது. விசேஷம் இல்லை என்பதால் யாரும் எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்ததும் படம் நிற்கிறது, அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே. அவள் 2011ல் போனாள். கிரகப்பிரவேசத்தையும் சடங்கையும் என் பிள்ளைகள் ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்கவில்லை. இதை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கணக்கில்லை.

இனி தம்பியின் கேள்விக்கு. உன் போன் போதும். என் 1999 கேமராவைவிட அது எத்தனையோ மடங்கு தெளிவு. பள்ளி விழாவில் கடைசி வரிசையிலிருந்து எடுக்கணும், இரண்டு மணி நேரம் விடாமல் ஓடணும், சூடாகி நின்றுவிடக் கூடாது என்றால் மட்டும் நல்ல ஜூம் உள்ள கேம்கார்டர் வாங்கு, அதுவும் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும். இப்போது காசைக் குரலுக்குச் செலவிடு: ஒரு சின்ன மைக் வாங்கினால் போதும். பாட்டு எதுவும் மேலே போடாதே. எடுத்ததை வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி வை, வருடம் ஒரு தடவை திறந்து ஓடுகிறதா என்று பார். எல்லாக் கம்பெனியும் திறக்கிற மாதிரி சாதாரண பைலாக வை, ஒரு கம்பெனி ஆப் உள்ளேயே அடைத்து வைக்காதே. நான் 90 நிமிடத்தைப் பார்த்தேன், இன்னொரு வீட்டு டெக்கில் ஓடுமா என்பதைப் பெரிதாக எண்ணவில்லை.

உன் அப்பா அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எடு. அவர்களுக்குத் தெரியாமல் வைத்துவிட்டுப் போனாலும் சரி, திட்டினால் என் பெயரைச் சொல்.

உங்களில் யார் வீட்டிலாவது பழைய வீடியோ-8 கேசட் பரணில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். பெங்களூர் மாணவரிடம் அந்தக் கேமரா இன்னும் ஓடுகிறது. என் பெட்டியிலும் நான்கு கேசட் பாக்கி இருக்கிறது. அதில் ஒன்றின் உறையில் மை அழிந்து, 'ஐப்பசி' என்று மட்டும் தெரிகிறது. அப்பாவை இரண்டு நாள் எடுத்தேனா, ஒரு நாளா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. பங்குனித் தேருக்கு அவர் ஊருக்கு வரும்போது கேமராவைக் கையோடு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.